பம்பில் காற்று பிடித்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கிணற்று மேட்டிலோ வீட்டுச் சம்ப்பின் ஓரத்திலோ தரைக்கு மேலே அமர்ந்து, தனக்குக் கீழே இருக்கும் நீரை இழுத்து மேலே தள்ளும் சென்ட்ரிஃபியூகல் (சுழற்சி விசையால் நீரைத் தள்ளும்) மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக உள்ள) பம்புகளைப் பற்றியது இக்குறிப்பு. நீருக்குள்ளேயே மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் மோட்டாருக்கு இதில் கடைசிப் பகுதி மட்டுமே பொருந்தும்.

இவ்வகைப் பம்பு காற்றைத் தள்ளும் திறனற்றது. கன அளவில் 2, 3 சதவீதம் காற்று கலந்தாலே நீரின் அளவு குறையத் தொடங்கும். 10 சதவீதத்தை நெருங்கும்போது பெரும்பாலான பம்புகள் நீரை இழுக்க முடியாமல் அடியோடு விட்டுவிடும். அப்போது உடனே பம்பைக் கழற்றி, உள்ளே சுழலும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரைப் பார்ப்பதும், மோட்டாரை ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிச் செல்வதும் வழக்கமாக இருக்கிறது. கோளாறு அங்கே இருப்பது அரிது. பெரும்பாலும் நீரை உள்ளிழுக்கும் சக்ஷன் குழாயின் ஏதோவொரு இணைப்பிலோ, அதன் அடிநுனியில் நீரைத் திரும்ப இறங்கவிடாமல் தடுக்கும் ஃபுட் வால்வின் வாஷரிலோதான் இருக்கும். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் பம்பு எப்போது நீரை இழுக்காமல் விடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்திலேயே வரவில்லையா, இரவோடு இரவாக இறங்கிவிடுகிறதா, ஓடிக்கொண்டிருக்கும்போது விடுகிறதா என்பது தெரிந்தாலே பாதிக் காரணங்கள் விலகிவிடும்.

கை வைப்பதற்கு முன்

மெயினை இறக்கி, ஃபியூஸ் கேரியர்களைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்தால் ஸ்டார்ட்டரை ஆஃப் செய்வது மட்டும் போதாது. மும்முனை மின்சாரம் திரும்பியதும் மோட்டார் தானாகவே கிளம்பிவிடும். நீரின்றி ஓடிய பம்பின் உடல் கைவைக்க முடியாத சூட்டில் இருந்தால் பிரைமிங் பிளக்கை, அதாவது ஓட்டுவதற்கு முன் நீர் ஊற்றி நிரப்பும் வாயின் மூடியை, திறக்காதீர்கள். உள்ளே நீராவி அழுத்தத்துடன் இருக்கக்கூடும். மேலும் அந்தச் சூட்டில் குளிர்ந்த நீரை ஊற்றினால் சுழலும் தண்டின் (ஷாஃப்ட்) ஓரம் நீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலின் பீங்கான் வளையம் வெடித்துவிடும். தானாக ஆறும்வரை காத்திருப்பதே சிக்கனம்.

அறிகுறி 1: மோட்டார் ஓடுகிறது, ஒரு சொட்டு நீரும் வரவில்லை

*பிரைமிங் முழுமையாகவில்லை.* மிக எளிய காரணம் இதுவே. வால்யூட்டின் (இம்பெல்லரைச் சுற்றியுள்ள பம்பு உடலின்) உச்சியில் உள்ள பிளக்கைத் திறந்து நீர் ஊற்றும்போது, நீர் விளிம்புக்கு வந்ததும் நிறுத்திவிடாமல், பின்பக்கத்து விசிறியையோ ஷாஃப்ட்டையோ கையால் மெல்லச் சில சுற்றுகள் சுற்ற வேண்டும். இம்பெல்லரின் இறக்கைகளுக்கிடையே தங்கியிருந்த காற்று குமிழிகளாக மேலே வரும். நீர் மட்டம் சற்று இறங்கும். மீண்டும் ஊற்ற வேண்டும். குமிழி முற்றிலும் நிற்கும்வரை இதைத் தொடருங்கள்.

எவ்வளவு நீர் பிடிக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். 50 மி.மீ. குழாய் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 2 லிட்டரும், 65 மி.மீ. குழாய் 3.3 லிட்டரும், 75 மி.மீ. குழாய் 4.4 லிட்டரும் கொள்ளும். 6 மீட்டர் நீளமுள்ள 65 மி.மீ. குழாய் காலியாக இருந்தால் 20 லிட்டர், அதாவது ஒரு பெரிய குடமும் கொஞ்சமும் போதும். ஐந்து குடம் ஊற்றியும் நிரம்பவில்லை என்றால் நீங்கள் கிணற்றுக்கே நீர் வார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அறிகுறி 2-க்குச் செல்லுங்கள்.

*நான் ரிட்டர்ன் வால்வு காற்றை வெளியே விடவில்லை.* டெலிவரி குழாயில், அதாவது நீர் வெளியேறிச் செல்லும் குழாயில், நீரைத் திரும்ப விடாத இந்த வால்வுக்கு மேலே மேல்நிலைத் தொட்டி வரை நீர் நிரம்பி நிற்கும்போது, பம்புக்குள் சிக்கிய காற்றுக்கு அந்த நீரைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் வலு இருப்பதில்லை. தானே இழுத்துக்கொள்ளும் செல்ஃப் பிரைமிங் பம்புகளும் இங்கே தோற்றுவிடுகின்றன. மாடிவீடுகளில் அரைக் குதிரைத்திறன் பம்புகள் காரணமின்றி அடம்பிடிப்பதுபோலத் தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான். பம்புக்கும் நான் ரிட்டர்ன் வால்வுக்கும் இடையே அரை அங்குல ஏர் காக் ஒன்றைப் பொருத்தி, மோட்டாரைப் போட்டவுடன் அதைத் திறந்து, காற்று சீறி முடிந்து நீர் காற்றில்லாமல் சீராக வந்ததும் மூடிவிட்டால் பிரச்சினை தீரும்.

*மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறது.* மும்முனை மோட்டார்களில், கம்பத்தில் பழுது பார்த்த மறுநாளோ ஸ்டார்ட்டரில் ஒயர் மாற்றிய பிறகோ நீர் வராமலோ மிகக் குறைவாகவோ வந்தால், காற்றைத் தேடுவதற்கு முன் பம்பின் உடலில் வார்க்கப்பட்டிருக்கும் அம்புக்குறியைப் பாருங்கள். மோட்டாரை ஒரு கணம் போட்டு நிறுத்தி, விசிறி எந்தப் பக்கம் சுற்றி ஓய்கிறது என்று பார்த்தால் போதும். மூன்று ஃபேஸ்களில் இரண்டை மாற்றிக் கொடுக்கும் வேலை எலக்ட்ரீஷியனுடையது.

*நீர் மட்டம் எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது.* கடல் மட்டத்தில் காற்றழுத்தம் தூக்கக்கூடிய நீரின் உயரம் 10.3 மீட்டர், உராய்வும் பம்பின் தேவையும் போக நடைமுறையில் கிடைப்பது 6 முதல் 7 மீட்டர், அதாவது 20 அடிக்குச் சற்று மேல். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் அந்த 10.3 என்பதே 8 மீட்டருக்குக் கீழே வந்துவிடும் என்பதால், சமவெளியில் நன்றாக ஓடிய அதே அமைப்பு மலையில் ஓடாது. ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, பம்பின் மையத்திலிருந்து நீர்ப்பரப்பு வரை அளந்து பாருங்கள். 7 மீட்டரைத் தாண்டினால் எத்தனை குடம் ஊற்றினாலும் பயனில்லை. பம்பைக் கிணற்றுக்குள் திட்டு கட்டி இறக்குவதா, ஜெட் பம்புக்கு மாறுவதா, சப்மெர்சிபிள் போடுவதா என்பதை முடிவுசெய்ய அனுபவமுள்ளவரை அழைக்க வேண்டிய இடம் இது.

அறிகுறி 2: ஒவ்வொரு நாளும் புதிதாக நீர் ஊற்ற வேண்டியிருக்கிறது

ஓடும்போது குறை இல்லை; நிறுத்திவிட்டு மறுநாள் போட்டால் வருவதில்லை. நிறுத்தியிருந்த நேரத்தில் குழாயிலிருந்த நீர் கிணற்றுக்கு இறங்கியிருக்கிறது. அது ஃபுட் வால்வு வழியாகப் போனதா, மேலே எங்கோ காற்று நுழைந்ததால் இறங்கியதா என்பதைப் பிரித்தறியச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு.

பிரைமிங் பிளக்கைத் திறந்து, புனலை வைத்து, விளிம்பு வரை நீர் நிரப்புங்கள். மேலே திறந்திருப்பதால் இப்போது குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கூடுதல். ஓட்டை எங்கிருந்தாலும் நீர் வெளியே கசியும். வெளியே தெரியும் குழாயையும் இணைப்புகளையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டுப்படும் இணைப்புதான் குற்றவாளி. எல்லாம் உலர்ந்தே இருக்க, புனலில் மட்டம் மட்டும் இறங்கினால் ஃபுட் வால்வுதான்.

ஃபுட் வால்வு என்றவுடன் புதிது வாங்க ஓட வேண்டியதில்லை. தென்னை நாரோ, ஒரு சிறு கல்லோ, நத்தையோ வாஷருக்கும் இருக்கைக்கும் நடுவே அகப்பட்டிருந்தாலே நீர் நிற்காது. குழாயைக் கயிற்றில் கட்டிப் பிடித்துச் சிறிது தூக்கிச் சட்டென்று விட்டுச் சில தடவை குலுக்கினால், உள்ளிருக்கும் நீரின் அசைவில் வாஷர் திறந்து மூடி, குப்பை பலமுறை தானே விலகிவிடும். விலகவில்லை என்றால் குழாயை மேலே எடுத்து வாஷரைப் பாருங்கள். ரப்பர் விறைத்து ஓரம் வளைந்திருந்தால் வாஷரை மட்டும் மாற்றலாம். உலோக இருக்கையில் அரிப்பும் பள்ளமும் விழுந்திருந்தால் முழு வால்வையும் மாற்றிவிடுவதே மேல், ஏனெனில் புது வாஷர் அந்தப் பள்ளத்தின்மேல் ஒருபோதும் சரியாக உட்காராது.

ஆழமான கிணற்றில் குழாயை எடுப்பது தனியாளின் வேலையன்று. மூடிய சம்ப்பிலும் பயன்படாமல் கிடந்த கிணற்றிலும் மூச்சுக்கான காற்று போதாமல் இருக்கக்கூடும் என்பதால், உள்ளே இறங்கிச் சரிசெய்யும் எண்ணத்தைக் கைவிட்டு, குழாயை வெளியே எடுத்தே பழுது பாருங்கள். அதற்கு ஆளும் செயின் பிளாக்கும் வேண்டுமென்றால் வரவழையுங்கள்.

அறிகுறி 3: நன்றாக வந்துகொண்டிருந்த நீர் சிறிது நேரத்தில் விட்டுவிடுகிறது

அறிகுறிகளில் மிகவும் அலைக்கழிப்பது இதுதான். மீண்டும் நீர் ஊற்றிப் போட்டால் ஓடும், பிறகு விட்டுவிடும். ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆம்ப் மீட்டர் இருந்தால், நீர் விடும்போது அதன் முள் இறங்குவதைப் பார்க்கலாம்.

*ஒரே நீர்மட்டத்தில் விடுகிறதா?* பம்பு விட்ட உடனே கிணற்றில் நீர் நிற்கும் இடத்தைச் சக்ஷன் குழாயின்மேல் சுண்ணாம்பாலோ பெயின்டாலோ கோடிட்டு வையுங்கள். மறுநாளும், அதற்கு மறுநாளும் இதையே செய்யுங்கள். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால் காரணம் இரண்டில் ஒன்று. கோட்டுக்குச் சற்று மேலே ஓர் இணைப்பு இருந்தால், காலையில் அது நீருக்குள் மூழ்கியிருந்தது. அங்கே ஓட்டை இருந்தும் உள்ளே போனது நீர்தான் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. மட்டம் இறங்கி இணைப்பு வெளியே வந்ததும் அதே ஓட்டை காற்றை இழுக்கத் தொடங்குகிறது. ஓடும்போது மேலே நின்று எத்தனை முறை பார்த்தாலும் இந்த ஓட்டையிலிருந்து நீர் ஒழுகாது. அதனாலேயே பலர் இதைக் கண்டுபிடிப்பதில்லை.

கோட்டின் அருகே இணைப்பு எதுவுமில்லை என்றால், ஃபுட் வால்வுக்கு மேல் எவ்வளவு நீர் மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். இரண்டடிக்கும் குறைவாக இருந்தால் நீர்ப்பரப்பில் சுழல் விழுந்து, அதன் நடுவழியாகக் காற்று நேரே வால்வுக்குள் இறங்கும். உற்றுப் பார்த்தால் சுழியும், காது கொடுத்தால் உறிஞ்சும் ஓசையும் தெரியும். அதற்கு நேர்மேலே ஒரு மரப்பலகையை மிதக்கவிட்டால் சுழி கலைந்துவிடும்; டெலிவரி கேட் வால்வைக் கொஞ்சம் குறைத்தால் இழுப்பும் குறைந்து கூடுதல் நேரம் ஓடும். இவை இரண்டும் அன்றைய பாடு கழியத்தான். நிலையான தீர்வு, வால்வைத் தாழ்ந்த நீர்மட்டத்துக்கும் இரண்டடி கீழே கொண்டுபோவது. ஆனால் சேற்றை உறிஞ்சாதபடி அடித்தளத்திலிருந்து ஓர் அடியாவது விட்டு.

*மட்டத்தோடு தொடர்பில்லாமல் விடுகிறதா?* அப்படியானால் நீருக்கு மேலே எப்போதும் வெளியில் இருக்கும் இணைப்புகளைச் சோதியுங்கள். பம்பு ஓடும்போது ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் ஓர் ஊதுபத்தியைப் பிடித்தால், ஓட்டை உள்ள இடத்தில் புகை நேராக உள்ளே இழுக்கப்படும். காற்று வீசும் வெளியிடத்தில் புகை நிற்காது. அங்கே சோப்பு நுரையைத் தடவுங்கள், நுரை ஒரு புள்ளியில் குழிந்து மறையும். ஐயமுள்ள இணைப்பைச் சுற்றி ஈரக் களிமண்ணை அப்பியதும் நீர் சீராகிவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. மரை உள்ள இணைப்பென்றால் கழற்றி, பழைய டேப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, டெஃப்லான் டேப்பை மரை இறுகும் திசையிலேயே சுற்றிப் பூட்டுங்கள். ஃபிளாஞ்ச் என்றால் பேக்கிங் ஷீட்டை மாற்றி, போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்குங்கள். பி.வி.சி. ஒட்டு விட்டிருந்தால் மேலே பசை தடவுவதெல்லாம் சில நாள் கூத்து. வெட்டி எடுத்துப் புது கப்ளிங் போடத்தான் வேண்டும்.

*உச்சிவெயிலில் மட்டும் விடுகிறதா?* நெகிழும் ஹோஸைச் சக்ஷனாகப் போட்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெயிலில் இளகிய ஹோஸ் உள்ளிழுப்பில் சப்பையாகிவிடும். வெளியே வட்டமாகத் தெரிந்தாலும் உள்ளுறை பிரிந்து வழியை அடைத்திருப்பதும் உண்டு. உள்ளே சுருள் கம்பியோ கெட்டியான சுருளோ உள்ள சக்ஷன் ஹோஸைத் தவிர வேறெதுவும் இங்கே தாங்காது.

*கிளாண்டு வழியாக நுழைகிறதா?* கசிவைத் தடுக்க ஷாஃப்ட்டைச் சுற்றிக் கயிறு அடைத்த கிளாண்டு உள்ள பம்புகளில், ஓடும்போது நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு வரை ஒழுகுவது இயல்பு. ஒழுகலைப் பொறுக்காமல் நட்டுகளை இறுக்கி முற்றிலும் நிறுத்துபவர்கள், கயிற்றை எரித்து ஷாஃப்ட்டைத் தேய்த்துக் காற்றுக்கு வழி திறக்கிறார்கள். சொட்டே இல்லாத கிளாண்டின்மேல் சிறிது நீரை ஊற்றிப் பாருங்கள். நீர் உள்ளே இழுபட்டு, டெலிவரியும் தெளிந்தால் கயிறு மாற்றும் வேளை வந்துவிட்டது. புதுக் கயிற்றின் வெட்டுவாய்கள் ஒரே நேர்கோட்டில் வராமல் மாற்றி மாற்றி அமைய வேண்டும். ஷாஃப்ட்டிலோ ஸ்லீவிலோ நகம் மாட்டும் அளவுக்குத் தடம் விழுந்திருந்தால் கயிறு நிற்காது. லேத் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும். மெக்கானிக்கல் சீல் உள்ள பம்பில் நிறுத்தியபின் ஷாஃப்ட் ஓரம் நீர் வடிந்தால், சீலை மாற்றத் தெரிந்த மெக்கானிக்கை அழையுங்கள்.

*குழாயின் அமைப்பே காற்றைத் தேக்குகிறதா?* எல்லா இணைப்பும் நன்றாயிருந்தும் பம்பு விடுகிறதென்றால், சக்ஷன் குழாயின் கிடைப் பகுதியில் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். குழாய் கிணற்றிலிருந்து பம்பை நோக்கித் தொடர்ந்து ஏறிக்கொண்டே வர வேண்டும். மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் ஏற்றம் போதும். நடுவில் ஒரு கல்லின்மேல் ஏறி இறங்கியிருந்தாலோ, வரப்பைத் தாண்டுவதற்காக வளைந்து மேலெழுந்து தாழ்ந்திருந்தாலோ, நீரிலிருந்து பிரியும் காற்று அந்த மேட்டில் சிறுகச் சிறுகச் சேர்ந்து, ஒருநாள் மொத்தமாகப் பம்புக்குள் போய் விழும். பெரிய குழாயைப் பம்பின் சிறிய வாயோடு சேர்க்கும் ரெடியூசர் மையம் விலகியதாக, அதன் தட்டையான பக்கம் மேலே இருக்கும்படி பொருத்தப்பட வேண்டும். சாதாரண ரெடியூசரின் மேல்தோளில் காற்று உட்கார்ந்துகொள்ளும். சக்ஷனில் கேட் வால்வு இருந்தே ஆக வேண்டுமென்றால், அதன் தண்டு படுக்கையாக இருக்கட்டும். நிமிர்த்தி வைத்தால் தொப்பிப் பகுதியே ஒரு காற்றுக்கூடு. எல்போவைப் பம்பின் வாயிலேயே கொண்டுபோய் மாட்டுவதும் இடத்தை மிச்சப்படுத்தும் தவறான பழக்கம். குழாயின் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு நீளமாவது நேராக வந்து சேர வேண்டும். புதிதாகப் போடுபவர்கள் பம்பின் வாயைவிட ஓர் அளவு பெரிய சக்ஷன் குழாயைப் போட்டு, இவற்றையும் கடைப்பிடித்தால், மேலே சொன்ன சோதனைகளில் பாதி ஒருபோதும் தேவைப்படாது.

அறிகுறி 4: நீர் வெள்ளையாக, விட்டு விட்டு வருகிறது

கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்துப் பாருங்கள். வெண்மை கீழிருந்து மேலாகத் தெளிந்தால் அது காற்று. சம்ப் என்றால் முதலில் சோதிக்க வேண்டியது, குடிநீர் இணைப்போ லாரித் தண்ணீரோ எங்கே விழுகிறது என்பது. ஃபுட் வால்வின் தலைமேலேயே உயரத்திலிருந்து விழும் நீர் குமிழிகளையும் கூட்டிக்கொண்டு இறங்குகிறது. வரத்துக் குழாயை எதிர் மூலைக்கு மாற்றினாலோ, அதன் நுனியை நீருக்குள் நீட்டினாலோ தீர்ந்துவிடும்; குழாய்க்குள் நீர் திரும்ப உறிஞ்சப்படும் அபாயம் இருப்பதால், குடிநீர் இணைப்பில் நுனியை மூழ்கவிடாமல் மூலையை மாற்றுவதே முறை. அதுவும் காரணமில்லை என்றால், அறிகுறி 3-இன் இணைப்புச் சோதனைகளைச் செய்யுங்கள்.

அறிகுறி 5: பம்புக்குள் சரளைக்கல் உருளும் சத்தம்

இது காற்றுபோலத் தோன்றினாலும் பெரும்பாலும் கேவிட்டேஷன், அதாவது உள்ளிழுப்பு மிகுந்து நீரே ஆவிக்குமிழிகளாகி உடைவது. டெலிவரி வால்வை மெல்லக் குறைத்தவுடன் சத்தம் அடங்கினால், பம்புக்கு வேண்டிய அளவு நீர் சக்ஷனில் கிடைக்கவில்லை என்று பொருள். ஃபுட் வால்வின் சல்லடை அடைத்திருக்கலாம். குழாய் சிறியதாக இருக்கலாம். நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கலாம்.

பிரித்தறியச் சக்ஷன் பக்கத்தில் ஒரு வேக்குவம் கேஜை மாட்டலாம். ஒரு மீட்டர் உயரத்துக்கு 73.5 மி.மீ. பாதரசம் எனக் கணக்கு. 5 மீட்டரிலிருந்து இழுக்கும் பம்பில் 370-ஐச் சற்றே தாண்டிக் காட்ட வேண்டும். அதைவிட மிக அதிகம் காட்டினால் அடைப்பு. நீர் குறைவாக வந்தும் முள் தாழ்ந்தோ துடித்துக்கொண்டோ இருந்தால் காற்றுக்கசிவு. சல்லடையைச் சுத்தம் செய்தும் சத்தம் தொடர்ந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். இம்பெல்லர் நாளுக்கு நாள் அரிபட்டுக்கொண்டிருக்கும்.

அறிகுறி 6: பம்பில் குறையில்லை, கடைமடைக்கு நீர் சேரவில்லை

மேடுபள்ளமான நிலத்தில் நீளமாகப் போகும் டெலிவரி குழாயின் உச்சிகளில் காற்று தங்கி, நீர் செல்லும் வழியைக் குறுக்கிவிடுகிறது. பம்பின் அருகே பிரஷர் கேஜ் கூடுதலாகவும் ஆம்ப் மீட்டர் குறைவாகவும் காட்டும். குழாய் இடையிடையே உதறும்.

முதலில், டெலிவரி வால்வைச் சிறிதளவே திறந்து மோட்டாரைப் போட்டு, குழாய் மெதுவாக நிரம்பிய பிறகு முழுதும் திறந்து பாருங்கள். அவசரமாக நிரப்பும்போது சிக்கும் காற்று, மெதுவாக நிரப்பும்போது முன்னே தள்ளப்பட்டு வெளியேறும். அது போதவில்லை என்றால், மோட்டாரை நிறுத்திவிட்டு மேட்டின் உச்சியில் சேடில் (குழாயைச் சுற்றிக் கவ்வும் கிளை இணைப்பு) மாட்டி, அரை அங்குலக் குழாயும் ஒரு டேப்பும் பொருத்தி, ஓடும்போது திறந்துவிடுங்கள். அடுத்த செலவு, காற்றை வெளியே விடவும் உள்ளே எடுக்கவும் வல்ல ஏர் வால்வு. சொட்டுநீர் அமைப்பில் இது அவசியம்: மோட்டார் நின்றதும் நீர் பள்ளத்துக்கு வடியும்போது குழாயில் உண்டாகும் வெற்றிடம், சொட்டுவாய்கள் வழியாகச் சேற்றை உறிஞ்சி அவற்றை அடைத்துவிடும்.

குழாய் கிலோமீட்டர் கணக்கில் நீண்டிருந்தாலோ, மோட்டாரை நிறுத்தும்போது குழாயில் சம்மட்டி அடித்ததுபோல் ஓசை கேட்டாலோ, மட்டக்கருவியோடு வந்து நிலத்தை அளந்து, வால்வுகளின் இடத்தையும் அளவையும் கணக்கிடக்கூடிய பொறியாளரிடம் விட்டுவிடுங்கள். காற்று தங்கும் உச்சி எப்போதும் கண்ணுக்குத் தெரியும் மேடாக இருப்பதில்லை. செங்குத்தாக இறங்கத் தொடங்கும் இடத்திலும் அது தங்கும்.